வேலையைக் கொடுங்க, கையெழுத்தைக் கொடுக்காதீங்க

உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "ஐடி வேலை பார்த்துக்கிட்டே சென்னையில ரெண்டு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கேன். மூணாவது பார்த்துட்டு இருக்கேன். சனி, ஞாயிறு முழுக்க இதுலயே போகுது. எதையெல்லாம் வெளியில கொடுக்கலாம்?"

வழக்கமா சொல்ற பதில் என்னன்னா, உங்க சம்பளத்தை மணிக்கணக்குல வகுங்க, அதைவிடக் குறைஞ்ச காசுல முடியுற வேலையை எல்லாம் கொடுத்துடுங்க. ப்ளம்பர் வேலைக்கு இது சரி. ஆனா சொத்து விஷயத்துல இந்தக் கணக்கு மட்டும் போதாது. நான் கேக்கற கேள்வி வேற: இந்த வேலை தப்பாப் போனா திருப்பிச் சரி பண்ண முடியுமா? நம்ம ஆபீஸ் பாஷையில, ரோல்பேக் இருக்கா?

முதல்ல, ரோல்பேக் இருக்கற வேலைகள். பெயின்டிங், க்ளீனிங், எலக்ட்ரீஷியன், போட்டோ எடுத்து விளம்பரம் போடறது, வீட்டைத் திறந்து காட்டறது. மோசமா பெயின்ட் அடிச்சா கொஞ்சம் காசு போகும், திரும்ப அடிச்சுக்கலாம். இதையெல்லாம் தாராளமா கொடுங்க. ஒரே ஒரு ரூல் வைங்க: 2,000 ரூபாய் வரைக்கும் கேக்காம செய்யலாம், அதுக்கு மேலன்னா போட்டோவும் கொட்டேஷனும் அனுப்பணும்.

ரெண்டாவது, நம்மால முடியும்னு தோணும், ஆனா தெரிஞ்சவங்கதான் செய்யணும். பத்திரம் சரிபார்க்கறது இந்த வகை. வில்லங்கச் சான்றிதழை இப்போ பதிவுத்துறை இணையதளத்துலயே பார்த்துடலாம். அதனால எல்லாமே தெரிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க. அதுல வர்றது பதிவான ஆவணங்கள்தான். பதிவு பண்ணாத உயிலோ, அண்ணன் தம்பிக்குள்ள கோர்ட்ல நடக்கற பாகப்பிரிவினை வழக்கோ அதுல தெரியாமலே போகலாம். தாய்ப் பத்திரத்துல இருந்து படிச்சுப் பார்க்க வக்கீல் வேணும்.

ஆனா அந்த வக்கீலைத் தேர்ந்தெடுக்கறதை வெளியில கொடுக்காதீங்க. புரோக்கருக்கு டீல் முடிஞ்சாதான் கமிஷன். அவரே கூட்டிட்டு வர்ற வக்கீல், கோட் எழுதினவரே ரிவ்யூவரையும் நியமிக்கற மாதிரி. உங்க வக்கீல்கிட்ட கருத்தை எழுத்துல வாங்குங்க.

வரியும் இப்படித்தான். இந்தியாவுல வசிக்கறவர்கிட்ட இருந்து 50 லட்சம் ரூபாய் அல்லது அதுக்கு மேல வீடு வாங்கினா, 1% டிடிஎஸ் பிடிச்சுக் கட்டற பொறுப்பு வாங்கறவருக்கு. ஆடிட்டர் ஃபைல் பண்ணலாம். ஆனா கட்டாம விட்டா நோட்டீஸ் வர்றது உங்க பேருக்குத்தான்.

மூணாவது, ரோல்பேக் இல்லாதது. பவர் பத்திரம். "நீங்க பெங்களூர்ல இருக்கீங்க, ஒரு பொது பவர் கொடுத்துடுங்க சார், எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன்" அப்படின்னு யாராவது சொன்னா, நிதானமா அந்த டிராஃப்டைப் படிங்க. விற்கற அதிகாரம் அதுல இருந்து, அவர் வித்துட்டா, அப்புறம் பவரை ரத்து பண்ணி பிரயோஜனம் இல்லை. கொடுத்தே ஆகணும்னா, எந்தச் சொத்து, எந்த வேலைன்னு குறிப்பிட்ட சிறப்புப் பவர் கொடுங்க. விற்பனை, அடமானம் ரெண்டும் அதுல இருக்கக் கூடாது.

அதே மாதிரி வாடகை நேரா உங்க பேங்க் அக்கவுண்டுக்கு வரட்டும், மேனேஜர் வழியா வேண்டாம். அசல் பத்திரங்கள் உங்ககிட்ட இருக்கட்டும். ஆள் தேடறது அவர் வேலை, யாருக்கு வீடு கொடுக்கறதுன்னு முடிவு பண்றது உங்க வேலை.

கடைசியா ஒரு கணக்கு. மாசம் 20,000 வாடகைன்னா வருஷத்துக்கு 2,40,000. வீட்டு வாடகை வருமானத்துல, நீங்க கட்டின சொத்து வரியைக் கழிச்சதுக்கு அப்புறம், 30% நிலையான கழிவு கிடைக்கும். நீங்க செலவே பண்ணாட்டியும் அது உண்டு. மேனேஜருக்கு ஒரு மாச வாடகையைக் கொடுத்தாலும் அதுக்குன்னு தனியா கழிவு கிடையாது. அந்த 20,000 முழுசா உங்க பாக்கெட்ல இருந்துதான் போகுது. அதுக்கு ஈடா எத்தனை சனிக்கிழமை திரும்பக் கிடைக்குதுன்னு பாருங்க. வருஷத்துக்கு ரெண்டு நாள்தான் மிச்சம்னா, ஒரு நல்ல ப்ளம்பர் நம்பரும் வாட்ஸ்அப்பும் போதும். நீங்க வேற ஊர்ல இருந்தா அந்தக் காசு தாராளமா தகும்.

போன மாசம் உங்க ஃப்ளாட்டுக்காக செஞ்ச வேலைகளை இன்னைக்கு ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் ரோல்பேக் இருக்கா, இல்லையான்னு போடுங்க. சந்தேகமா இருக்கறதை எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.