ஆறிய தழும்பும் அடைபட்ட குடலும்



1735ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் குளோடியஸ் அமியாண்ட் என்னும் சத்திரவைத்தியர் 11 வயதுச் சிறுவனொருவனின் குடல்வாலை வெட்டி அகற்றினார். வெற்றி பெற்றதாக ஏடுகளிற் பதிவான முதலாவது குடல்வாற் சத்திரசிகிச்சை அதுவேயாகும். அன்று அதிசயமாயிருந்தது இன்று அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. நோயாளி சில நாட்களில் வீடு திரும்புகிறார். ஆண்டுகள் செல்ல, வயிற்றில் ஒரு தழும்பு மட்டும் எஞ்சுகிறது. ஆனால், வயிற்றினுள்ளே எஞ்சியிருப்பது யாது?

நமது சிறுகுடல் ஏறக்குறைய 6 மீற்றர் நீளமுடையது. அத்தனை நீளமும் மடிந்து கிடந்தும் சிக்காது வழுக்கி இயங்குவதற்குக் காரணம், அதனைப் போர்த்தியுள்ள ஈரமான மெல்லிய சவ்வாகும். கத்தியினாலோ சீழினாலோ அச்சவ்வு புண்படும்போது, அவ்விடத்தில் ஒருவகைப் பசை படிகிறது. பெரும்பாலும் அது சில நாட்களிற் கரைந்துவிடும். கரையாவிடின் நாராக இறுகி, குடலின் ஒரு மடிப்பை மற்றொன்றுடனோ வயிற்றுச் சுவருடனோ பிணைத்துவிடும். குடல்வால் வெடித்துச் சீழ் பரவியவர்களிடம் இதற்கு வாய்ப்பு அதிகம். பலருக்கு அந்நார்களால் ஒரு துன்பமும் இல்லை. மிகச் சிலருக்கு மட்டும், சில வாரங்களிலோ 20 ஆண்டுகள் கழிந்த பின்னரோ, குடல் அந்நாரிற் சுருக்குண்டு அடைபடுகிறது.

ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்துவோம். நள்ளிரவில் தாயாருக்கு வயிற்றைப் பிசையும் வலி. வந்து வந்து போகிறது. பித்தம் கலந்த வாந்தி, வயிறு உப்புகிறது, மலமும் கழியவில்லை, வாயுவும் பிரியவில்லை. “மலச்சிக்கல்தான் பிள்ளை, ஆமணக்கெண்ணெய் குடித்தாற் சரியாகிவிடும்” என்கிறார் பாட்டி. அன்பினாற் பிறந்த சொல். ஆயினும் ஆபத்தான சொல். வாய்க்காலை மறித்துவிட்டு மேலிருந்து நீரைப் பாய்ச்சினால் வரம்பு உடையுமேயன்றி வழி திறக்குமோ?

இத்தகைய வேளையில் உணவும் பேதி மருந்தும் கொடாது, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பழைய சத்திரசிகிச்சையைப் பற்றி வைத்தியரிடம் மறவாது கூறுங்கள். அந்த ஒரு சொல் நோயின் வேரைக் காட்டிவிடக்கூடும். அங்கே மூக்கின் வழியே குழாய் செலுத்தி இரைப்பையிற் தேங்கியதை வெளியேற்றுவர். இழந்த நீரைச் சேலைன் மூலம் ஈடுசெய்வர். எக்ஸ்றே, ஸ்கான் படங்களால் அடைப்பை ஆராய்வர். பலருக்கு இவ்வளவிலேயே குடல் திறந்துகொள்கிறது. ஆனால், விட்டுவிட்டு வந்த வலி ஓயாத வலியாக மாறி, காய்ச்சலும் நாடித் துடிப்பும் ஏறுமாயின், குடலுக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டிருக்கலாம். அந்நிலையில் தாமதியாத சத்திரசிகிச்சையே உயிரைக் காக்கும்.

இதைக் கேட்டு, குடல்வாற் சத்திரசிகிச்சைக்கே அஞ்சுதல் தகாது. வெடித்த குடல்வால் விளைக்கும் கேடு இதனினும் பெரிது. சிறு துளைகளினூடாகச் செய்யப்படும் இக்கால முறையில், இத்தகைய நார்கள் தோன்றுவதும் குறைவு. அச்சம் வேண்டியதில்லை, நினைவு வேண்டும். தழும்பு ஆறினாலும், அதன் கதையை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்கட்டும்.