நிழலை எதிர்கொண்ட சிறுவன்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



 பல்கலைக்கழகத்திலே பயிலும் எம்மை அழைத்து, சிறுவர் இலக்கியம் பற்றிச் சில வார்த்தை பேசுமாறு பணித்தமைக்கு நன்றியுடையோம்.

“மந்திரக் கதை படிக்கும் பிள்ளை உழைக்க மறந்துவிடும், கோலை ஆட்டினால் எல்லாம் வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டிருக்கும்” எனப் பெரியோர் சிலர் கவலைப்படுவதை யாம் கேட்டிருக்கிறோம். அக்கவலை நியாயமானதே; அத்தகைய கதைகளும் உண்டு. ஆயினும், முதலிலிருந்து முடிவுவரை மந்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு, மந்திரத்தை மாத்திரம் நம்பியிராதே என்று சொல்லும் கதைத் தொடர் ஒன்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அதுதான் ‘எர்த்சீ’ என்னும் தொடர்.

இதனை எழுதியவர் உர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க அம்மையார். 1929இல் கலிபோர்னியாவிலே பிறந்து, 2018இல் மறைந்தவர். கதைகளில் வரும் மந்திரவாதிகள் யாவரும் நரைத்த தாடியுடைய கிழவர்களாகவே இருக்கிறார்களே, அவர்கள் இளமையில் எப்படியிருந்தார்கள், எங்கே கற்றார்கள் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அக்கேள்வியின் விளைவாக 1968இல் முதல் நூல் வெளிவந்தது. 1971இலும் 1972இலும் அடுத்த இரண்டும், பதினெட்டு ஆண்டு கழித்து 1990இல் நான்காவதும், 2001இல் இறுதி இரண்டும் வந்தன.

அவர் படைத்த உலகம் கடலும் எண்ணற்ற தீவுகளும் நிறைந்தது. அங்கு வாழ்வோரிற் பெரும்பாலார் மாநிறத்தவரும் கருநிறத்தவருமே. கதாநாயகன் செம்பழுப்பு நிறத்தவன். மிஷன் பாடசாலையிலே ஆங்கிலக் கதைகள் பல படித்து வளர்ந்த எமக்கு, வீரரெல்லாம் வெண்ணிறத்தவராயிருப்பது பழகிப்போன சங்கதி. ஆதலின் இச்சிறு விஷயமே எம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இக்கதையை எடுத்தோர் வெள்ளை நடிகர் ஒருவரை நாயகனாக்கியபோது, ஆசிரியரே பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார்.

இனிக் கதைக்கு வருவோம். கோண்ட் என்னும் மலைத்தீவிலே, வெண்கல வேலை செய்யும் ஒருவரின் தாயற்ற மகன், ஆடு மேய்க்கும் சிறுவன். தன் தாயின் சகோதரி சொல்லக் கேட்ட மந்திரத்தைப் பொருள் தெரியாமலே கூறுகிறான். ஆடுகள் ஓடிவந்து அவனை நெருக்கிச் சூழ்கின்றன. போகச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை! தொடங்கத் தெரிந்தவனுக்கு நிறுத்தத் தெரியாமற் போவதே அவன் வாழ்வின் முதற் பாடம்.

ஓகியன் என்ற குரு அவனைச் சீடனாக ஏற்று, கெட் என்ற மெய்ப்பெயரைச் சூட்டுகிறார். அவரோ மழை பெய்தால் நனைந்துகொண்டே நடப்பவர். மழையை விலக்கும் வல்லமை இருந்தும் அவர் விலக்குவதில்லை. ஓரிடத்து மழையை மாற்றினால் வேறோரிடத்தில் என்ன நேருமோ என்பதை எண்ணாத மந்திரம் மந்திரமன்று என்பது அங்குள்ள அறிஞர் கொள்கை. அவசரக்காரனான கெட்டுக்கு இப்பொறுமை பிடிக்கவில்லை. றோக் தீவிலுள்ள பெரிய கலாசாலைக்குப் போகிறான். அங்கே ஒரு சக மாணவன் ஏளனம் செய்ய, தன் வல்லமையைக் காட்டும் ஆணவத்தால் இறந்தோரின் ஆவியை அழைக்கிறான். திறந்த வழியால் உருவமற்ற நிழலொன்று பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அவ்வழியை அடைப்பதற்காகத் தலைமைக் குரு தம் உயிரையே கொடுத்துவிடுகிறார்.

பின்னர் அந்நிழல் அவனைத் தீவு தீவாகத் துரத்துகிறது. ஓடுந்தோறும் அவன் மெலிகிறான், அது வலுக்கிறது. இறுதியில் பழைய குருவின் குடிசையிலே வந்து விழுகிறான். அவர் காவல் மந்திரம் எதுவும் கொடுக்கவில்லை. “ஓடுவதை விட்டுத் திரும்பு” என்ற கருத்தையே சொல்லுகிறார். கெட் திரும்புகிறான். அந்தக் கணமுதல் நிழல் ஓடத் தொடங்குகிறது! உலகின் எல்லைக் கடலிலே அதைப் பிடித்து, அதன் பெயரைச் சொல்லுகிறான். அது அவனுடைய பெயரேதான்.

அன்பர்களே, ஈண்டு எமது சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதியுங்கள். முதலாம் ஆண்டுத் தேர்வில் ஒரு பாடத்தில் யாம் சித்தியெய்தவில்லை. வீட்டாருக்கு அதை மறைத்தோம். வினாத்தாள் கடினம், விரிவுரை விளங்கவில்லை என்று நண்பரிடம் நூறு காரணம் சொன்னோம். விடுமுறைக்கு ஊர் போகவும் அஞ்சினோம். அந்நாட்களில் இந்நூல் மீண்டும் கைக்கு வந்தது. படித்து முடித்த வாரமே ஊருக்குப் போய்த் தந்தையாரிடம் உள்ளதைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “திரும்ப எப்ப எழுதலாம், தம்பி?” என்று மாத்திரம் கேட்டார். அடுத்த முறை எழுதிச் சித்தியெய்தினோம். ஆனால் பாரம் இறங்கியது அன்று மாலையிலேயே.

சொந்தக் காலில் நிற்றல் என்றால் ஒருவர் துணையும் வேண்டாம் என்று மார்தட்டுதல் அன்று. கடைசிப் பயணத்திலே கெட்டின் படகில் வெச் என்ற நண்பன் கூடவே இருந்தான். இரண்டாம் நூலில் பாதாள இருளிலே சிறைப்பட்ட கெட்டுக்குத் தண்ணீர் கொடுத்துக் காத்தவள் தெனார் என்னும் இளம்பெண். அவள் இல்லையேல் அவன் மந்திரம் அவனை வெளியே கொணர்ந்திராது. அவன் இல்லையேல் அவளும் வெளியே வந்திராள். துணை எத்தனை இருந்தாலும் தன் பிழையைத் தன் பெயரால் அழைக்கவேண்டியவன் தானே என்பதுதான் கதையின் உட்பொருள்.

மூன்றாம் நூலின் முடிவிலே, உலகைக் காக்கத் தன் வல்லமை முழுவதையும் செலவிட்டுக் கெட் வெறுமனாகிறான். நான்காம் நூலிலே அந்த மாபெரும் மந்திரவாதி மீண்டும் ஆடு மேய்க்கிறான். முதலில் வெட்கமும் துயரமும் அவனை வாட்டுகின்றன; பின்னர் மெல்ல மெல்ல, மந்திரமற்ற மனிதனாக வாழக் கற்றுக்கொள்கிறான். பட்டமும் பதவியும் தேடி ஓடும் எம்போன்ற இளைஞர் இப்பகுதியை அவசியம் படிக்கவேண்டும். அவை போனபின் எம்மிடம் மிஞ்சுவது எதுவோ, அதுவே எமது உண்மையான ஆஸ்தி.

ஆதலின் பெரியோர்களே, பிள்ளை மந்திரக் கதையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் உடனே புத்தகத்தைப் பறித்துவிடாதீர்கள். கதை என்ன சொல்லுகிறது என்று ஒருமுறை அருகிருந்து கேளுங்கள். இளைஞர்களே, எம்மைத் துரத்தும் நிழல் எதுவாயினும், இன்றைக்கே ஒருதரம் திரும்பி அதன் முகத்தைப் பார்ப்போமாக.