உறைகுளிரில் உயிர்வித்து



அப்புத்தளைக் குளிருக்குக் கம்பளி தேடுகிறோம். பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் உயிர் உறங்குவதை அறிவீர்களா? அதுவே திரவ நைதரசனின் குளிர். 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ் முதலிய அறிஞர்கள், கிளிசரின் கலந்தால் உறைந்த விந்தணு மடியாதெனக் கண்டனர். குண்டசாலையில் சேமிக்கப்படும் நல்லினக் காளைகளின் வித்து, இன்று அக்குளிரிலேயே மலைநாட்டுத் தொழுவங்களுக்கு வருகிறது.

ஆனால் நைதரசன் நாளும் ஆவியாகும். நிரப்ப மறந்தால் கலத்திலுள்ள வித்தெல்லாம் பாழ். தொழுவத்திலும் அப்படியே. காலையில் பசு காளைக்குக் கத்தினால் மாலையில் சினைப்படுத்த வேண்டும். தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். பாற்காசை நம்பும் லயத்துக் குடும்பத்துக்கு அது பெருநட்டம்.

வாலிபரே! தாய்மார் கொழுந்து மலையில் நிற்கும் வேளையில் பசுவைக் கவனித்து, மிருக வைத்தியருக்குச் செய்தி சொல்வது உங்கள் பணியாகட்டும். மாட்டுப் பொங்கலன்று மாலை சூட்டும் நாம், மற்ற நாட்களிலும் பசுவைப் பேணுவோம்.