தேடியும் கிடைக்காதவை



மருத்துவத் தரவுத்தளங்களைப் பற்றிப் பேசக் கூடும் அவைகளில் பேச்சு பெரும்பாலும் சந்தாவையும் கட்டணத்தையும் சுற்றியே நிற்கிறது. அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. 1997இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது, கைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கங்கள்தாம். முழுக் கட்டுரை பணம் கட்டியவருக்கே. பிறகு 2000இல், முழுக் கட்டுரைகளையே இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் வந்தது. 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் நூலகத்தை இந்தியர் அனைவரும் படிக்க வழிசெய்தது. 2024 நவம்பரில், ஆய்விதழ்களுக்கான ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாயில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது அரசு நிறுவனங்களோடு நின்றதால் தனியார் கல்லூரி மாணவர் வெளியே நிற்கிறார் என்ற குறையும் உண்மையே. ஆனால் சந்தா கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. தேடலை நான் மருத்துவச் செயலாகவே கருதுகிறேன். அதில் நேரும் பிழை, மருந்தளவில் நேரும் பிழையைப் போலவே நோயாளியின் உடம்பில் போய் முடியக்கூடியது. அப்படியிருந்தும், நோய் வரலாறு கேட்பதைக் கற்றுத்தரும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் இதற்குத் தருவதில்லை.

2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வு நடந்தது. ஹெக்சமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சுவழி எடுத்துக்கொண்ட, நோய் ஏதுமில்லாத 24 வயதுத் தன்னார்வலர் ஒருவர் நுரையீரல் பழுதாகி இறந்துபோனார். மருந்தின் பாதுகாப்பை ஆய்வாளர் தேடிப்பார்க்காமல் இல்லை, பப்மெட்டில் தேடியிருந்தார். அன்றைய பப்மெட்டோ 1966இலிருந்துதான் தொடங்கியது. அம்மருந்தால் நுரையீரல் கெடும் என்ற எச்சரிக்கைகள் 1950களின் ஆய்விதழ்களில் இருந்தன. கணினித் திரை ‘ஒன்றுமில்லை’ என்று காட்டியதை ‘ஆபத்தில்லை’ என்று படித்ததில்தான் பிழை. அமெரிக்க அரசு அப்பல்கலைக்கழகத்தில் தன் நிதியில் நடந்த ஆய்வுகளைச் சில நாட்களுக்கு நிறுத்திவைக்கும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. இதில் நமக்கும் ஒரு செய்தி இருக்கிறது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்ற எண்ணத்தை மாற்றிய சென்னை ஆய்வு, நல்ல உணவும் இட வசதியும் இல்லாத வீடுகளில் இருந்துகொண்டே மருந்து உட்கொண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள் என்று காட்டியது. அது உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த ஆண்டு 1959. அதே 1966 என்ற கோட்டை வைத்துத் தேடியிருந்தால் நம் ஊரின் இந்தச் சாதனையும் அகப்பட்டிருக்காது.

பழைய கட்டுரைகள் இப்போது பெருமளவு சேர்க்கப்பட்டுவிட்டனவே, இன்னுமா அந்தக் கதை என்று கேட்கலாம். கோடு அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. நம் நாட்டு ஆய்விதழ்களில் பல, பப்மெட்டின் மையமான மெட்லைன் பட்டியலுக்குள் இல்லை. அதைவிடப் பெரிய இடைவெளி, அச்சேறாமலே போன ஆய்வுகள். ரெபாக்சிடின் என்ற மனச்சோர்வு மருந்தைப் பற்றி 2010இல் வெளிவந்த மறுஆய்வு, அம்மருந்துக்கான சோதனைகளில் 74 சதவீத நோயாளிகளின் தரவு வெளியிடப்படவே இல்லை என்று காட்டியது. அச்சானதை மட்டும் படித்தவருக்கு மருந்து நல்லதாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது பயனும் தெரியவில்லை, தீங்கும் கூடியது. இந்தியாவில் மருத்துவச் சோதனைகளை முன்கூட்டியே சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். தொடங்கியும் முடிவு வெளிவராத சோதனைகள் எவை என்று அதில் பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்று எத்தனை முதுநிலை மாணவருக்குச் சொல்லித்தருகிறோம்?

நேரமில்லை என்பது அடுத்த மறுப்பு. புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நிற்கும்போது பயிற்சி மருத்துவர் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்க முடியாது. தொகுத்துத் தரும் சேவைகளும், இப்போது செயற்கை நுண்ணறிவும் இருக்கின்றன என்கிறார்கள். தொகுப்பை நம்பி அவசரத்துக்கு வேலை செய்வதில் தவறில்லை. ஆனால் தொகுப்பவரும் எங்கோ ஓர் எல்லைக்குள் நின்றுதான் தேடுகிறார். உரையாடும் மென்பொருள்களோ இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்தே தந்துவிடுகின்றன. பப்மெட் தெரியாததைக் காட்டாமல் விடும். இவை தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லும். சரிபார்க்கத் தெரிந்தவர் கையில்தான் இவற்றுக்குப் பயன் உண்டு. ஆகவே தேடக் கற்பதன் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இவற்றையெல்லாம்விட வலுவானது இன்னொரு மறுப்பு: அங்கே கிடைப்பது வெள்ளைக்காரர் உடம்பைப் பற்றிய ஆய்வு, நம் நோயாளிக்கு எப்படிப் பொருந்தும்? குறைமாதப் பிரசவம் நேரக்கூடும் என்றால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது குழந்தையைக் காக்கும் என்று 1972இல் நியூசிலாந்தில் காட்டினார்கள். பணக்கார நாடுகளில் அது உறுதியும் ஆயிற்று. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் அதைக் கிராம அளவுக்குப் பரப்பிய ஆய்வு 2015இல் வெளிவந்தபோது, பிறந்த குழந்தைகளின் இறப்பு ஆயிரத்துக்கு மூன்று நான்கு என்ற அளவில் கூடியிருந்தது. 2020இல் இந்தியாவும் வங்கதேசமும் இடம்பெற்ற மற்றோர் ஆய்வு, கர்ப்ப காலத்தைச் சரியாகக் கணித்து, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு உள்ள மருத்துவமனைகளில் கொடுத்தால் இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைகிறது என்று காட்டியது. முதல் கட்டுரையோடு நின்றவர் எல்லோருக்கும் ஊசி போடுவார். இரண்டாவதோடு நின்றவர் யாருக்கும் போடமாட்டார். மூன்றையும் தேடியெடுத்தவருக்குத்தான், தான் நிற்பது எந்த வகை மருத்துவமனை என்று கேட்டுக்கொள்ளத் தோன்றும். ஆக இந்த மறுப்பு என் வாதத்துக்கே துணைநிற்கிறது.

2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மருத்துவர் வாழ்நாள் முழுதும் கற்பவராக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கான தேர்வு எங்கே நடக்கிறது என்பதே என் கேள்வி. கேஸ் ஷீட்டில் நாடித்துடிப்பை எழுதுவதுபோல, எந்தத் தளத்தில், எந்தச் சொற்களால், எந்த ஆண்டுவரை தேடினேன், எதை விட்டேன் என்று மாணவர் நான்கு வரி எழுதட்டும். வாய்மொழித் தேர்வில் அதற்கு மதிப்பெண் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது நூலகர் வார்டு சுற்றில் உடன்வரட்டும். இதற்குப் புதிய நிதி அதிகம் தேவைப்படாது. யாருடைய பணிநேரத்தில், எந்தத் துறையின் பொறுப்பில் இது நடக்கும் என்பதில்தான் சிக்கல் வரும். பிற்பகல் அமர்வுகள் அதையே முதலில் எடுத்துக்கொண்டு விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.