ஆக்கலும் அடக்கலும்: பேண்டுப் போட்டிகளில் தாளத்தை மதிப்பிடுவது



ஆகஸ்டு 15 அன்று புதுச்சேரியில் டிரம் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் சுதந்திர நாள் அணிவகுப்பு. பெரிய டிரம்மின் அடிக்குச் சரியாக இடது கால் விழ வேண்டும். இன்னொரு பக்கம் நெல்லித்தோப்பு மாதா கோயில் கொண்டாடும் விண்ணேற்பு அன்னையின் பெருநாள். திருவிழாத் தேருக்கு முன்னால் போகும் பேண்டு செட்டுக்குக் கணக்கே வேறு. கூட்டம் நின்றால் டிரம்மும் நின்ற இடத்திலேயே சுழலும், தெருமுனை திரும்பினால் வேகம் பிடிக்கும், எதிரே பிண ஊர்வலம் வந்தால் அடங்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே கருவி, ஒரே குச்சி. ஆனால் அணிவகுப்பில் வாசிக்கும் பள்ளிப் பேண்டு போட்டிக்குப் போகும்போது எதிரே ஒருவர் மதிப்பெண் தாளோடு உட்காருகிறார்; தேர் பேண்டுக்கு அப்படி யாரும் இல்லை. அந்தத் தாளில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதுதான் ஒரு பேண்டின் பாணியைத் தீர்மானிக்கிறது, நாளடைவில் கருவியையே மாற்றிவிடுகிறது என்பது இன்றைய உரையின் வாதம். மதிப்பெண் தாளை எழுதுகிறவரும் ஒருவகையில் இசையமைப்பாளர்தான்; அது அவருக்கே தெரியாமல் இருப்பதில்தான் சிக்கல்.

இதை முழுதாகச் சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே ‘டிரம் கோர்’ என்றொரு கலை இருக்கிறது. பித்தளைக் குழல்களும் டிரம்களும் கொடி சுழற்றுவோருமாகச் சேர்ந்து, கால்பந்து மைதானம் முழுக்க நகர்ந்துகொண்டே வாசிப்பார்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் சங்கங்கள் வளர்த்தது. 1933-இல் டிரம் ஆசிரியர்கள் கூடி, கற்க வேண்டிய அடிப்படை அடிகள் இவை என்று 26-ஐ வகுத்தார்கள். நம் தவில் பாடத்தின் முதல் சொற்கட்டுகளைப் போல. 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ அமைப்பு தன் முதல் சாம்பியன் போட்டியை நடத்தியது. அப்போது துல்லியத்துக்கு ‘டிக்’ முறையில் மார்க். முழு மார்க்கோடு தொடங்குவார்கள். ஒரு தப்பு காதில் விழுந்தால் தாளில் ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு ஒரு மார்க்கில் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

எது தப்பு என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஃபிளாம் என்று ஓர் அடி உண்டு, நம் பள்ளிப் பேண்டு மாஸ்டர்களும் சொல்லிக் கொடுப்பதுதான். ஒரு குச்சி தோலுக்கு இரண்டங்குலம் மேலே நிற்கும், மற்றது நெஞ்சுக்கு நேரே நிற்கும். இரண்டும் சேர்ந்து இறங்கும். தாழ நின்றது மயிரிழை முந்தித் தொட, உயர நின்றது அதன் மேல் வந்து விழும். காதுக்குக் கிடைப்பது தடித்த ஒரே அடி. இரண்டும் ஒன்றாக விழுந்தால் அது தட்டையாகிவிடும். இடைவெளி கூடினால் இரண்டு அடியாகப் பிரிந்துவிடும். ஒன்பது பேர் வரிசையாக நின்று ஃபிளாம் அடிக்கையில் எட்டுப் பேருடையது தடித்து ஒருவருடையது தட்டையானால், கூடவே நடந்து வரும் நடுவரின் பென்சில் அசையும்.

நேர்மையான முறையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் கழிக்கிற கணக்குக்கு ஒரு குணம் உண்டு: வாசிக்காத அடியில் தப்பு வராது. புதிதாக, கடினமாக எழுதிக்கொண்டு வந்த குழுவுக்கு இழப்பதற்கு நிறைய இருக்கும். பழகிய மார்ச்சைச் சுத்தமாக அடித்துவிட்டுப் போகிற குழுவுக்கு இழக்க ஒன்றும் இல்லை. அந்தக் காலத்திலும் துணிந்து எழுதியவர்கள் இருந்தார்கள், பொது விளைவுக்கென்று தனி மார்க்கும் இருந்தது. என்றாலும் தராசின் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. 1984-இல் அந்த அமைப்பு டிக் முறையைக் கைவிட்டது. பூச்சியத்திலிருந்து கட்டி எழுப்புகிற முறை வந்தது: என்ன எழுதியிருக்கிறார்கள், அதை எவ்வளவு நிறைவேற்றினார்கள் என்று இரண்டையும் பார்த்து மார்க் சேர்ப்பது. துல்லியத்தின் மீதிருந்த பசி மட்டும் தீரவில்லை, அது டிரம்முக்குள்ளேயே புகுந்துகொண்டது. குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் கெவ்லார் நாரை நெய்து சைட் டிரம்முக்குத் தோலாகப் போட்டார்கள். முறுக்கினால் மேசைப் பலகை போல இறுகும். ஒலி நீளாமல் பட்டென்று அறுந்துவிடும். ஒன்பது டிரம் ஒரே டிரம்மாகக் கேட்க வேண்டுமானால் இதைவிடத் தோதான தோல் கிடையாது. கார்வை போயிற்று, சொல் தெளிந்தது. இது லாபமா நட்டமா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு தேவை தாளில் மார்க்காக நின்றால், அது கடைசியில் கம்மாளன் பட்டறை வரைக்கும் போய்ச் சேரும் என்பதைக் கவனித்தால் போதும்.

டிக் முறையைக் கைவிட்டதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கோடு போடுகிற முறையில் கணக்காவது இருக்கிறது. கட்டி எழுப்புகிற முறையில் நடுவரின் விருப்பு வெறுப்பு புகுந்துவிடாதா என்பார்கள். புகும். ஆனால் கோட்டிலும் அது இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். வரிசையின் இடது ஓரத்தில் நடந்த நடுவர் இடது ஓரத்துத் தப்புகளைத்தான் அதிகம் கேட்டார். எண்ணிக்கை என்பதாலேயே அது அளவையாகிவிடாது. இரண்டாவது மறுப்பு எனக்கே பாதி உடன்பாடானது: விளைவுக்கு மார்க் கொடுத்தால் படாடோபம் பெருகும். இன்று அங்கே 100 மார்க்கில் 40 பொது விளைவுக்கு, 30 காட்சிக்கு, 30 இசைக்கு. அந்த 30-ஐயும் பித்தளைக் குழல், டிரம், இசைப் பகுப்பாய்வு என மூன்று நடுவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆக, டிரம்மின் பெயரைத் தாங்கிய கலையில் டிரம்முக்கென்று நிற்பது 100-க்கு 10! 2004-இல் ஒலிபெருக்கி வந்தது, 2009-இல் மின்னணுக் கருவிகள் வந்தன, மைதானத்தில் மேடையும் படிக்கட்டும் உருண்டன. கழித்தல் முறையைக் கைவிட்டது சரி. அதன் இடத்தில் எதை மதிப்பது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடைதான் தடுமாறியது.

அந்த விடை நம் கையில் வெகுகாலமாக இருக்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஒருவகையில் தேர்வரங்கம்தான். மாதவி ஆடுகிறாள், சோழன் பார்க்கிறான். முடிவில் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும். ஆனால் இளங்கோ அவளோடு நிறுத்தவில்லை. ஆடலாசான், இசையாசான், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவருக்கும் தகுதி சொல்லிக்கொண்டே போகிறார். தண்ணுமை என்ற தோற்கருவியின் ஆசிரியனுக்கு அவர் வைக்கும் தகுதியில் கை வேகம் முதலில் வருவதில்லை. பாட்டு, யாழ், குழல் ஆகியவற்றின் போக்கை அவன் அறிந்திருக்க வேண்டும். பிறர் வாசிப்பில் குறை விழுந்தால் நிரப்ப வேண்டும், மிகுந்தால் அடக்க வேண்டும். தன் கைத்திறன் மற்ற ஒலிகளை மீறிவிடக் கூடாது. ஆக்கல், அடக்கல் என்ற இரண்டே சொல். தவறின்மையும் அதில் உண்டு, அழகும் உண்டு. இரண்டையும் இணைத்துக் கட்டுவது காது கொடுத்தல். டிக் தாளில் இதற்கு இடமில்லை. விளைவுத் தாளிலும் இல்லை. ஸ்காட்லாந்தியர் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறார்கள். கிளாஸ்கோவில் நடக்கும் உலகப் பைப் பேண்டுப் போட்டியில் பைப்புக்கு இரண்டு நடுவர், டிரம்முக்கு ஒருவர், சேர்ந்திசைக்கு என்றே தனியாக ஒருவர். ஒவ்வொருவரும் அணிகளை வரிசைப்படுத்துவார்கள். சமன் வந்தால் சேர்ந்திசை நடுவரின் வரிசையே முடிவு.

கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் குடியரசு நாளை ஒட்டி நடத்துகிற தேசியப் பள்ளி பேண்டுப் போட்டியை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். டெல்லியில் மேஜர் தயான்சந்த் மைதானத்தில் இறுதிச் சுற்று; பித்தளை பேண்டு, பைப் பேண்டு, இரண்டிலும் மாணவர், மாணவியர் என்று நான்கு பிரிவு; 16 அணிகள்; முதல் பரிசு 21,000 ரூபாய். நல்ல முயற்சி. ஆனால் இரண்டு வகையும் பட்டாளத்திலிருந்து வந்தவை. நம் பறைக்கோ தவிலுக்கோ கேரளத்துச் செண்டைக்கோ அங்கே பிரிவு இல்லை. மெட்டை மாற்றினால் இந்தியத்தன்மை வந்துவிடும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. டெல்லியில் படை பாசறை திரும்பும் விழாவிலிருந்து 2022-இல் ஆங்கிலத் தோத்திரப் பாட்டு நீக்கப்பட்டது. 2023-இல் முழுக்க இந்திய மெட்டுகளே ஒலித்தன. மெட்டு மாறலாம், அடியில் ஓடும் ரோல் என்ற உருட்டடி அப்படியே இருந்தால் பாணி மாறியதாகாது. பாணி பாட்டில் இல்லை, அடியில் இருக்கிறது.

அப்படியானால் பறைக்கும் ஒரு பிரிவு வைத்துவிடலாமே என்றால், அங்கேதான் மூன்றாவது மறுப்பு. பறைக்கு மார்க் போடுவதே அதைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பார்கள். சாதி இழிவு சுமத்தப்பட்ட கருவியை, சக்தி கலைக்குழு போன்ற பறைக் குழுக்கள் மானத்தின் கருவியாக மீட்டு மேடையேற்றியிருக்கின்றன. அதை மறுபடியும் தேர்வுத் தாளுக்குள் அடைப்பானேன்? நியாயமான கவலை. கேரளப் பள்ளிக் கலோத்ஸவத்தைப் பாருங்கள்: 1957 முதல் நடக்கிறது, செண்டை மேளமும் பேண்டு மேளமும் அதில் போட்டிகள். மார்க் மோகம் முற்றி, அப்பீலோடு நீதிமன்றம் வரை போகிறவர்கள் உண்டு. தனிநபர் பட்டங்களை 2006-இல் நிறுத்தவே வேண்டியதாயிற்று. ஆனால் அதே மேடைதான் செண்டையைக் கோயில் வாசலுக்கு வெளியே இருந்த பிள்ளைகளின் கைக்கும் கொண்டுபோனது. தாளை ஒழிப்பது எளிது, ஆனால் அதோடு மேடையும் போய்விடும். கருவிக்கு ஏற்ற தாளை எழுதுவதே வேலை. பறையில் வலக்கை அடிகுச்சி தடித்துக் குட்டையாக இருக்கும், இடக்கைச் சுண்டுகுச்சி மெலிந்து நீண்டிருக்கும். இரண்டின் ஒலியும் ஒன்றாகவே கூடாது. வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால் தோல் ஏறும். நம் ஊர்க் கடற்காற்றில் பத்து நிமிடத்தில் இறங்கத் தொடங்கும். கெவ்லார் காதோடு உட்காரும் நடுவருக்கு இது ஒருமை தவறிய வாசிப்பு. இறங்குகிற தோலுக்குத் தக்கபடி அடியை மாற்றி, கூட ஆடுகிறவர் காலுக்கு இடம் விட்டு வாசிப்பவரின் திறமை அவருடைய தாளில் எந்தக் கட்டத்திலும் விழாது.

செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. நடுவர் வரிசையில் ஓய்வு பெற்ற பேண்டு மாஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு தவில்காரரோ பறை ஆசானோ உட்காரலாம். தாளில் தவறின்மைக்கும் எழுத்துக்கும் போக, காது கொடுத்தலுக்கு ஒரு பகுதி ஒதுக்கலாம்: யார் குறைந்தபோது யார் நிரப்பினார்கள், யார் மிகுந்தபோது யார் அடக்கினார்கள் என்று. அமெரிக்கர்களிடமிருந்து கடன் வாங்கத்தக்க ஒரு வழக்கமும் இருக்கிறது. அங்கே வாசிப்பு நடக்கும்போதே நடுவர் தான் கேட்பதை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்கிறார். அந்தப் பதிவு குழுவின் கைக்குப் போகிறது. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கோப்பையும் ஒரு எண்ணும்தான். எண்ணுக்குப் பின்னால் இருந்த காது எதைக் கேட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாததால் அடுத்த ஆண்டும் அதே மார்ச்சை இன்னும் இறுக்கமாக அடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு கைப்பேசி, அணிக்கு ஐந்து நிமிடப் பதிவு, பரிசளிப்புக்கு முன்பே அது பேண்டு மாஸ்டரின் கையில். ஒரு கட்டத்தில் இடது ஓரத்து ஃபிளாம் தட்டையானதும் அதில் இருக்கட்டும், அதைக் கேட்டுப் பெரிய டிரம் அடித்த பெண் தன் அடியைத் தணித்துக்கொண்டதும் இருக்கட்டும்.