இளம் பெண்பன்றிகளை ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவருவது எப்படி?



வெள்ளிமலையிலும் சுற்று ஊர்களிலும் பன்றி வளர்ப்பவர்களுக்கும் வளர்க்க நினைப்பவர்களுக்கும் இன்று ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். உங்களிடம் மூன்று இளம் பெண்பன்றி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தையில் ஈனுகிறது, ஒன்று மாசிக் கடைசியில், இன்னொன்று சித்திரையில். மூன்று தடவை ராக்கண் விழிக்கணும். குட்டிகளும் சிறிசும் பெரிசுமாக நிற்கும். வியாபாரி பெரிசை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடுவார். ஒரு தாய் பன்னிரண்டு போட்டு, இன்னொன்று ஐந்தே போட்டால் என்ன செய்வது? இரண்டும் ஓரிரு நாளில் ஈன்றிருந்தால், சீம்பால் குடித்த பிறகு நாலு குட்டியை எடுத்து மற்ற தாயிடம் விட்டுவிடலாம். நாள் தள்ளிப் போனால் அது முடியாது. மிச்சக் குட்டி பாலில்லாமல் செத்துப் போகும்.

அப்படியானால் மூன்றையும் ஒரே வாரத்தில் பருவத்துக்குக் கொண்டுவர வழி உண்டா? உண்டு. அதற்கு மருந்து ஆண்பன்றிதான்.

பலர் செய்யும் தப்பு, ஆண்பன்றியைப் பக்கத்துக் கொட்டடியிலேயே எந்நேரமும் கட்டி வைப்பது. பழகின முகம் சலித்துப் போகும் போல, பெண்பன்றி அதைச் சட்டையே பண்ணாது. ஆகவே வாசனைகூட வராத தூரத்தில் ஆண்பன்றியை வையுங்கள். பெண்பன்றிகளுக்கு ஆறு மாதம் ஆகும்போது, தினமும் காலையில் கால் மணி, இருபது நிமிஷம் மூக்கோடு மூக்கு உரசும்படி கொண்டு வந்து காட்டுங்கள். ஆண்பன்றிக்குப் பத்து மாதமாவது ஆகியிருக்கணும். அதன் வாய் நுரையில் வரும் நெடிதான் வேலை செய்கிறது. விடலைப் பன்றிக்கு அந்த நெடி போதாது. பக்கத்திலேயே ஆள் நிற்கணும், சேர விடக்கூடாது.

பத்து நாளுக்குள் பெரும்பாலும் பருவத்துக்கு வந்துவிடும். பிறப்புறுப்பு சிவந்து தடிக்கும். முதுகை இரண்டு கையாலும் அழுத்தினால் காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்தத் தேதியைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். இருபத்தோரு நாளுக்கு ஒரு தடவை பருவம் திரும்பும். முதல் பருவம் சேர்ந்து வந்தால் அடுத்ததும் ஏறக்குறைய சேர்ந்தே வரும். முதல் பருவத்தில் சேர்க்க வேண்டாம். கலப்பினமானால் எட்டு மாதம், 90 முதல் 100 கிலோ ஆனபின் மூன்றாவது பருவத்தில் சேர்ப்பது நல்லது. காலையில் அசையாமல் நின்றால் சாயந்தரம் ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை.

சேர்ப்பதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து தீனியைக் கூட்டுங்கள். கருமுட்டை கூடுதலாக உதிரும். சேர்த்ததும் பழைய அளவுக்குக் குறைத்துவிடணும். மரவள்ளியைப் பச்சையாகப் போடாமல், வேக வைத்தோ காய வைத்தோ போடுங்கள், அதில் விஷம் உண்டு.

இதில் ஒரு சிக்கலும் இருக்குதுங்க. ஓர் ஆண்பன்றி வாரத்துக்கு ஐந்தாறு தடவைக்கு மேல் தாங்காது. மூன்று பெண்பன்றிக்கு மேல் இருந்தால் இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவல் ஆண்பன்றி வாங்குவதில் பயம் உண்டு. 2020-இல் நம் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குச் சிகிச்சை கிடையாது. வாங்கினால் ஒரு மாதம் தனியாகத் தள்ளி வையுங்கள். பெண்பன்றிகளுக்குப் புதுமுகமாக இருக்கவும் அதுவே உதவும்.

"மாட்டுக்குப் போடுகிற ஊசியைப் போட்டால் என்ன?" என்று கேட்பார்கள். அது பன்றிக்குச் சரிப்படாது. பருவம் வந்து பன்னிரண்டு நாள் வரைக்கும் அந்த ஊசி கேட்காது. சினைப் பன்றிக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். வெளிநாட்டுப் பெரிய பண்ணைகளில் அல்ட்ரினோஜெஸ்ட் என்ற மருந்தைத் தினமும் தீனியில் கொடுக்கிறார்கள். பதினான்கு முதல் பதினெட்டு நாள் கொடுத்து நிறுத்தினால், ஒரு வாரத்தில் எல்லாம் பருவத்துக்கு வரும். ஏற்கெனவே பருவம் கண்ட பன்றிக்குத்தான் அது பலிக்கும். கர்ப்பிணிப் பெண்கள் அதைத் தொடவே கூடாது. கால்நடை மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். மூன்று வாரம் ஆண்பன்றியைக் காட்டியும் பருவம் வராத பன்றியையும் அவரிடமே காட்டுங்கள்.

சினைக்காலம் 114 நாள். ஆவணியில் சேர்த்தால் கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் ஈனும். மலைக் குளிரில் குட்டி விறைத்துப் போகும். தை இருபதில் சேர்த்தால் வைகாசி நடுவில் ஈனும். அதற்குக் கார்த்திகைக் கடைசியிலேயே ஆண்பன்றியைக் காட்ட ஆரம்பித்துவிடணும்.