மின்சாரத்தை நிறுத்தினால் போதாது



குண்டசாலைப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து உருட்டும் ரோலரோடு வாழ்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளோ பல்லேகலைக் கைத்தொழில் பேட்டைக்குப் போகிறார்கள். அங்கே சர்வோ இயந்திரம் வந்தால் தெரிந்திருக்க வேண்டியது இது.

உணர்கருவி பிஸ்டன் நிற்கும் இடத்தை அளக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி வித்தியாசத்தைக் கணக்கிட்டு வால்வைத் திறக்கும். அழுத்த எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும். மின்சாரம் நின்றாலும் அழுத்தம் உள்ளே தங்கலாம். ஆளியைப் பூட்டி, தூக்கிய பாகத்துக்கு முட்டுக்கொடுத்து, அழுத்தத்தை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். கசிவை விரலால் தடவக்கூடாது. மெல்லிய எண்ணெய்த் தாரை தோலைத் துளைக்கும். காயம் சிறிதென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு வேலி கேட்பது சலுகையல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தந்த உரிமை. பயிற்சியில்லாமல் இயக்கச் சொன்னால் சங்கத்திடம் சொல்லுங்கள், நாங்கள் வருவோம்.

நட்டஈடு வரும், விரல் வராது.